நீலம் மறைந்த அந்த ஒரு நாள்

ஜனவரி 20

அக்கா,

போனில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் டவர் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு அம்மாவின் போனிலிருந்து அடித்தேன், எடுத்தீர்கள், நான் "அக்கா" என்றதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் தபால். முகவரியை நம் லேப் உதவியாளர் பூட்டு அண்ணனிடம் வாங்கினேன். ஃபிரிட்ஜ் சாவி, தண்ணீர் அறைச் சாவி எல்லாவற்றையும் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவருக்கு ஒரு முகவரி கொடுப்பதற்குள் ஊர்க்கதை முழுவதும் வேண்டியிருக்கிறது. "உங்களுக்குள்ள அப்படி என்னதான் சண்டை?" என்றார். எனக்கே சரியாகத் தெரியவில்லை என்றேன்.

நீங்கள் கிளம்பிய அன்று, "உங்களுக்கென்ன, பாதியில கழட்டி விட்டுட்டுப் போறீங்க" என்று நான் சொன்னது தப்பு. மாமாவுக்கு மாற்றல் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வேறொன்றும் இருக்கிறது.

நம் ஆராய்ச்சி படுத்துவிட்டது அக்கா. வேலிக்கொடியின் விதையை அரைத்து, சுழற்றி, உப்புப் போட்டு என்சைமைத் திரட்டுவது வரை எல்லாம் நன்றாகவே வருகிறது. அந்த நிலையில் ஸ்டார்ச்சில் விட்டால் அது ஸ்டார்ச்சைச் சிதைத்து, அயோடினின் நீலம் கண்முன்னாலேயே மறைகிறது. பிறகு அதைச் சவ்வுப் பையில் கட்டி, உப்பு வெளியேறுவதற்காக வாளித் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வைக்கிறேன். மறுநாள் எடுத்தால் பிணம். நீலம் அசையமாட்டேன் என்கிறது. விதையை மாற்றினேன், சவ்வை மாற்றினேன், பூட்டு அண்ணனைக் கெஞ்சிக் கீழேயிருந்து புதிதாகக் காய்ச்சி வடித்த தண்ணீரையே வரவழைத்தேன். சுத்தமாகச் செய்யச் செய்ய இன்னும் மோசமாகிறது.

டிசம்பரில் நாம் இருவரும் சேர்ந்து செய்த அந்த ஒரு நாள் மட்டும்தான் பைக்குள் இருந்தது உயிரோடு வெளியே வந்தது. அந்த எண்களைத்தான் மேடம் மாணவர் ஆய்வு மாநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அன்று நீலத்தின் அளவைக் கலரிமீட்டரில் பார்த்து நீங்கள் எண்களை வாசித்தீர்கள், நான் எழுதினேன். உங்கள் வாண்டுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து முந்தின நாளே கூப்பிட்டிருந்தார்கள், உங்களுக்கு அவசரம். அதனால் ஒருவேளை, அதாவது, தெரியாமல், ஏதாவது ஒரு எண்ணை... நான் கேட்பது உங்களுக்குப் புரிகிறது, இல்லையா?

தராசு

*

ஜனவரி 27

தராசுக்கு,

நன்றாகப் புரிகிறது. நான் எண்களைக் கட்டிவிட்டேனா என்று கேட்கிறாய். ஒரு மன்னிப்பை முன்னால் வைத்து, பின்னால் கத்தியை வைத்திருக்கிறாய். இதற்குத் தபால்தலை வேறு.

உனக்கு வயது இருபது. எனக்கு முப்பத்து மூன்று. பிள்ளை பெற்று, பத்து வருடம் அடுப்படியில் கிடந்து, மறுபடி உன் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது எல்லோரும் என்னை ஆன்ட்டி என்றார்கள், நீ ஒருத்திதான் அக்கா என்றாய். அதற்காகத்தான் உன் டெஸ்ட் ட்யூபையெல்லாம் கழுவினேன். நீ எதையும் இரண்டு தடவை எடை போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், "கை சுத்தம்" என்று மேடம் உன்னைப் புகழ்வார். கழுவுவதும் துடைப்பதும் தண்ணீர் தூக்குவதும் நான். கேட்டால், "அக்காவுக்கு வீட்டு வேலை செஞ்சு பழக்கம்" என்று சிரிப்பாய். அதை நீ மறந்திருப்பாய்.

இங்கே ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இன்னும் நிரந்தரம் இல்லை. கடைசிப் பரீட்சையை இங்கிருந்தே வந்து எழுதலாம், ஆனால் புராஜெக்ட் முடித்ததாக மேடம் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அது வந்தால் வேலை, வராவிட்டால் மறுபடி அடுப்படி. ஓனர் தினமும் கேட்கிறார். எண்களைக் கட்டிவிட்டவள் என்று உன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், என் கதை முடிந்தது.

மீட்டரில் என்ன இருந்ததோ அதைத்தான் வாசித்தேன். நம்பினால் நம்பு.

அக்கா என்று இனி எழுதாதே.

*

பிப்ரவரி 3

அக்கா,

வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாததால் அக்கா என்றே எழுதுகிறேன்.

நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களை நம்பினால் அந்த நீலம் ஏன் இப்போது மறையவில்லை? இப்போதைய நீலத்தை நம்பினால் அன்றைய எண்கள் எங்கிருந்து வந்தன? நானே தப்பாக எழுதினேனோ என்றுகூடத் தோன்றுகிறது. நேற்று கடைக்குப் போய்விட்டு வரும் வழியில் நம் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். அம்மா, "பரீட்சை பயமா?" என்கிறாள். என்ன பயம் என்று சொல்லத் தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு ரீடிங் யாரு வாசிச்சா?"

"அக்காதான் மேடம்."

"நீ மீட்டரைப் பார்த்தியா?"

"இல்ல மேடம். நான் எழுதிட்டிருந்தேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்களுக்குத் தெரியும், அவர் திட்டினால் பயமில்லை, கண்ணாடியைத் துடைத்தால்தான் பயம். "யாரு மேலயும் நான் பழி போடல. ஆனா திரும்ப வராத ரிசல்ட்டை நான் வெளியில காட்ட முடியாது" என்றார். அன்று யார் யார் எந்த வேலையைச் செய்தோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் மாநாட்டிலிருந்து விலகுவதா, உங்களுக்குக் கடிதம் கொடுப்பதா என்று முடிவு செய்வாராம்.

உண்மையை மட்டும்தான் எழுதப் போகிறேன். ஆனால் "வாசித்தது அக்கா" என்று எழுதினால், மிச்சத்தை அந்தக் காகிதமே சொல்லிவிடுமே. எழுதாமல் விட்டாலும் நான் எதையோ மறைக்கிறேன் என்றுதான் ஆகும்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த நாளையும் முந்தின நாளையும் உங்களுக்கு நினைவிருக்கிறபடி எழுதுங்கள். என்னைத் திட்டிக்கொண்டே எழுதினாலும் பரவாயில்லை.

தராசு

*

பிப்ரவரி 11

தராசுக்கு,

திட்டுவதற்கு அனுமதி கொடுத்துவிட்டாய், சந்தோஷம்.

முந்தின நாள்தான் பையைக் கட்டினோம். காலையில் வந்ததும் விதையை அரைத்தது நான். உரலைக் கழுவியது நான். நீ உப்பை எடை போட்டாய், அப்புறம் மறுபடி எடை போட்டாய், காற்றாடியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை எடை போட்டாய். சவ்வை வெட்ட ஸ்கேல் வேண்டும் என்றாய். ஸ்கேல் கொண்டுவந்தது யார் என்று நினைக்கிறாய்?

பையின் இரண்டு முனையையும் முடிச்சுப் போடும்போது பள்ளியிலிருந்து போன் வந்தது, வாண்டுக்குக் காய்ச்சல் என்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ தலை நிமிராமல், "தண்ணி எடுத்துட்டு வந்துடுங்க அக்கா" என்றாய். வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். தண்ணீர் அறை பூட்டியிருந்தது. பூட்டு அண்ணன் சாவியோடு டீ குடிக்கவோ எங்கேயோ போயிருந்தார். அவரைத் தேடிக்கொண்டு நிற்பேனா, பிள்ளையைப் பார்ப்பேனா? வெறும் வாளியோடு மாடியேறி வந்து, நம் அறை மூலையில் இருக்கிற கைகழுவும் குழாயில் பிடித்து உன் பக்கத்தில் வைத்தேன். வெளியே நிற்கிற தண்ணீர்தானே, பைக்குள்ளேயா போகப் போகிறது என்று நினைத்தேன். "தண்ணி வந்துருச்சா?" என்றாய். "வந்துருச்சு" என்றேன். அவ்வளவுதான் நம் பேச்சு. காய்ச்சல் எப்படியிருக்கிறது என்று நீ கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை உறுத்துவது அதுதான்.

மறுநாள் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தேன். பையை நீ வெட்டினாய், நான் மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நீலம் ஊதாவாகி, பழுப்பாகி, காணாமல் போனது. நீ நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தாய். அதையாவது ஒத்துக்கொள்வாயா?

இதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மேடம் கேட்ட அந்த ஒரு பக்கத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

*

பிப்ரவரி 16

அக்கா! அக்கா!

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் நின்றபடி படித்தேன். குழாய் என்ற இடத்துக்கு வந்ததும் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

நேராக லேபுக்குப் போனேன். இரண்டு பைகள் கட்டினேன். ஒன்று கீழேயிருந்து வந்த வடித்த தண்ணீரில், மற்றொன்று மூலைக் குழாய்த் தண்ணீரில். அந்தக் குழாயின் மூக்கில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்குமே, நீங்கள்கூட ஒருநாள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். வாளியை நானேதான் நிரப்பி மேசைக்குக் கொண்டுவந்தேன். இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் வடித்த தண்ணீர்ப் பை வழக்கம்போலப் பிணம். குழாய்த் தண்ணீர்ப் பையை ஸ்டார்ச்சில் விட்டேன். நீலம் போய்விட்டது அக்கா. ஊதா, பழுப்பு, ஒன்றுமில்லை. நீங்கள் எழுதிய அதே வரிசை.

அந்தக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், அதில் கால்சியம் இருக்கிறது. இந்த வகை என்சைம்களுக்குக் கால்சியம் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மற்றவை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், கழுவினாலும் விடாது. அதனால் மேடத்துக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. நம்முடையது விட்டுவிடுகிறது போலிருக்கிறது. சுத்தமான தண்ணீரில் போட்டால் உப்போடு சேர்ந்து அதுவும் பையிலிருந்து வெளியே போய்விடுகிறது. சந்தேகத்துக்கு வடித்த தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை கால்சியம் உப்புப் போட்டு இன்னொரு பையை வைத்தேன். அதுவும் பிழைத்துக்கொண்டது.

நீங்கள் வாசித்தது அத்தனையும் உண்மை. உங்களைச் சந்தேகப்பட்ட என்னை என்ன செய்தால் தகும்?

இதை எழுதி முடிக்கும்போதுதான் அடுத்த குழப்பம் வந்தது. நீங்கள் பொய் சொல்லவில்லை என்று காட்ட வேண்டுமானால், குழாய்த் தண்ணீர் பிடித்தீர்கள் என்று சொல்ல வேண்டும். பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கு மேடம் எழுதும் கடிதத்தில் அது வந்தால்? சொல்லாவிட்டால் பொய்க்காரி, சொன்னால் பொறுப்பில்லாதவர். இதில் எது குறைவான கெடுதல் என்று எனக்குப் புரியவில்லை. மேடத்திடம் இன்னும் வாய் திறக்கவில்லை. நீங்கள் சொல்லாமல் திறக்கமாட்டேன்.

வாண்டுக்கு அன்று காய்ச்சல் எப்படியிருந்தது? இப்போது கேட்பது அபத்தம்தான். ஆனாலும் கேட்கிறேன்.

தராசு

*

பிப்ரவரி 22

தராசுக்கு,

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில் பிரித்தேன். இரத்தம் கொடுக்க வந்திருந்த பெரியவர், "என்னம்மா, ஊசி எனக்கு, அழுறது நீயா?" என்றார். கண்ணில் தூசி என்றேன்.

ஒரு மாதமாக நானே என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், தெரியுமா? கோபமாக எழுதினேனே தவிர, படுத்தால் அந்த மீட்டரின் முள்தான் கண்ணுக்குள் ஆடும். அவசரத்தில் தப்பாகப் பார்த்தேனோ, நல்லதாக வர வேண்டும் என்ற ஆசையில் கண் ஏமாற்றியதோ என்று. இப்போது அந்தப் பாரம் இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு ட்யூப் மாறினால் யாரோ ஒருவர் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுவார். ஓனர் சேரும்போதே சொன்ன முதல் விஷயம், "குறுக்கு வழி மட்டும் வேண்டாம்". அப்படிப்பட்டவரிடம், வாளியில் எது கிடைத்ததோ அதைப் பிடித்தவள் என்று கடிதம் போனால்?

காலையில் உனக்கு, "வாயைத் திறக்காதே, கால்சியம் சேர்த்துச் செய்ததாக எழுதிவிடு" என்று ஒரு கடிதம் எழுதினேன். மத்தியானம் கிழித்தேன். அப்படி நீ எழுதினால், அது நாம் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்வது. எண்ணைக் கட்டவில்லை என்று இவ்வளவு சண்டை போட்டவள், தண்ணீரைக் கட்டச் சொல்வதா? சாயங்காலம் "சொல்லிவிடு" என்று எழுதினேன். வாண்டின் முகத்தைப் பார்த்ததும் அதையும் கிழித்தேன். வீட்டுக்காரரைக் கேட்டால், "உன் விஷயம், நீயே முடிவு பண்ணு" என்கிறார். இத்தனை வருடத்தில் இப்போதுதான் அவருக்கு அந்த ஞானம் வந்திருக்கிறது.

இதைக் கிழிப்பதற்குள் போட்டுவிட வேண்டும். சொல்லிவிடு. என் பெயரைச் சொல்லியே சொல். ஆனால் சாவி இல்லை என்பதையும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும் சேர்த்துச் சொல். இரக்கத்துக்காக இல்லை, அதுவும் அன்று நடந்ததுதான்.

காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது. கேட்டதற்குச் சந்தோஷம்.

அக்கா

*

மார்ச் 2

அக்கா,

சொல்லிவிட்டேன். மேடம் கேட்ட அந்த ஒரு பக்கத்தை எழுதவில்லை. மூன்று வாளிகளையும் மேடத்தின் அறை வாசலில் கொண்டுபோய் வரிசையாக வைத்து, வாயாலேயே சொன்னேன். சாவி, காய்ச்சல், குழாய் எல்லாம். நடுவில் அழுதேன். பூட்டு அண்ணன் பின்னால் நின்று, "நான் டீ குடிக்கப் போகல மேடம், மீட்டிங்ல இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேடம் கண்ணாடியைத் துடைக்கவில்லை. மாநாட்டுக்கு அனுப்பியதன் நகலை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'காய்ச்சி வடித்த நீரில் கழுவப்பட்டது.' இதை எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

"நீ அந்தத் தண்ணியைப் பார்த்தியா?"

"வாளியைப் பார்த்தேன்."

"யாரையாவது கேட்டியா?"

"தண்ணி வந்துருச்சான்னு கேட்டேன்."

"அப்போ எப்படி எழுதின?"

"புத்தகத்துல அப்படித்தான் இருந்தது மேடம்."

மேடம் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். பிறகு, "அவ சொன்ன எண்ணெல்லாம் சரி. நீ எழுதின எழுத்துதான் தப்பு" என்றார்.

அக்கா, இத்தனை நாளாக நான் உங்கள் பக்கத்தில் பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நாளில் நடக்காத ஒன்றை எழுதி வெளியே அனுப்பியது நான் ஒருத்திதான். உப்பை மூன்று தடவை எடை போட்டேன், தண்ணீரை ஒரு தடவை கேட்கவில்லை. எனக்குத் தராசு என்று பேர் வைத்தவர் யாரோ, அவரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பிறகு மேடம் இருவரையும் சேர்த்தே வெளுத்து வாங்கினார். நீங்கள் இல்லாததால் உங்கள் பங்கையும் நானே வாங்கிக்கொண்டேன். மாநாட்டுக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறார், ஏற்பார்களா என்று தெரியாது. ஆனால் கால்சியத்தை விட்டுவிடும் என்சைம் என்பதே இப்போது நம் தலைப்பு. இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

உங்களுக்கான கடிதத்தை ஒட்டித்தான் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். "உள்ளத உள்ளபடி எழுதியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

தராசு

*

மார்ச் 10

தராசுக்கு,

மேடத்தின் கடிதத்தை நானும் பிரிக்கவில்லை. அப்படியே ஓனரின் மேசையில் வைத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை நின்றேன். அவர் மெதுவாகப் படிக்கிற ஆள். நடுவில் போன் வேறு வந்தது, அதையும் நிதானமாகப் பேசி முடித்தார். நான் வேர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு உரக்க வாசித்துக் காட்டினார். தண்ணீர் விஷயத்தில் அவசரப்பட்டவர், யார் சந்தேகப்பட்டாலும் அளவீட்டை மாற்றிச் சொல்லாதவர் என்று இருந்தது. இரண்டும் ஒரே வாக்கியத்தில்.

"இது பாராட்டா, புகாரா?" என்று ஓனர் என்னையே கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "சரி, மீட்டர் பக்கம் நீங்க உட்காருங்க. குழாய்ப் பக்கம் மட்டும் போகாதீங்க" என்றார். வேலை நிரந்தரம் என்பதை அந்த ஆள் இப்படித்தான் சொல்வார் என்று புரிந்துகொள்ளவே எனக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து வாண்டைத் தூக்கிச் சுற்றினேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரியாது. நீ சந்தேகப்பட்டது வலித்தது, இன்னும் வலிக்கிறது. வாசலில் வாளிகளோடு நின்று என் பங்குத் திட்டையும் வாங்கிக்கொண்டாய் என்று படித்தபோது சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் இப்போதைக்கு. பரீட்சைக்கு வரும்போது உங்கள் வீட்டில்தான் தங்குவேன், அம்மாவிடம் சொல்லிவை.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் உடனே கூப்பிட்டுவிடாதே. போனில் நீ "அது வந்து" என்று ஆரம்பித்தால் முடிக்கமாட்டாய், எழுத்தில்தான் உனக்கு ஒரு முற்றுப்புள்ளியாவது இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். குழாயிலிருந்து மேசைக்குத் தூக்கியதற்கே கனக்கிறது என்று எழுதியிருந்தாய். அது அறைக்குள்ளேயே மூலையிலிருந்து மேசை வரை. கீழேயிருந்து மாடிக்கு வடித்த தண்ணீர் வர வேண்டுமே, அந்த வாளியை இப்போது யார் தூக்குகிறார்கள்? அதை மட்டும் நீ எழுதவே இல்லை.

அக்கா